சீரோடு போன பூனைகள்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரெல்லாம் கேட்கும். எங்கள் வீட்டில் அந்தக் கவலையே கிடையாது, பூனை வந்தாலே மணி அடிக்கும். பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் எங்களுடையது மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. படிக்கட்டில் ஒருவர் ஏறினால் எதிரே வருபவர் பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் இங்கே மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கவிட்டிருப்போம். கீழ் நுனியில் கிளிப், மேல் நுனியில் மணி. பேப்பர்காரன் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஒரு இழுப்பு இழுப்பான், மணி அடிக்கும், மேலே இழுத்துக்கொள்வோம். காய்கறி, மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலம், கரண்ட் பில் எல்லாம் அப்படித்தான் வீடேறும். எங்கள் கயிற்றில் மட்டும் கிளிப்புக்குக் கீழே ஒரு கூடையும் உண்டு. அதில் பூனைக்குட்டிகள் வரும்.

எங்கள் வீடு என்றால் நானும் என் நாத்தனாரும். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. ஊர் திரும்பும் ஒவ்வொரு தடவையும் தன் தலையணையில் யார் படுத்திருப்பது என்று கேட்பார். மழையில் நனைந்த ஒரு குட்டியை நாத்தனார் முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்ததில் ஆரம்பித்தது. பிறகு அது தர்மகாரியமாகிவிட்டது. மீன் கடைக்காரிகள் தலையும் வாலும் தருவார்கள். மிருக வைத்தியர் பாதிக் கட்டணத்தில் கருத்தடை செய்துவிடுவார். பிறந்தநாள் வந்தால் இந்த ஊரில் அன்னதானம் செய்வார்கள் அல்லவா, சில புண்ணியவான்கள் மடத்துக்குக் கொடுத்தது போக எங்கள் பூனைகளுக்கும் ஒரு வேளைச் சோறு போடுவார்கள். பூனைகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். மானம் போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் கறார். பூனை கேட்டு வருகிறவர்களைச் சம்பந்தி போல உட்காரவைத்து விசாரிப்போம். வீட்டில் யார் யார், மீன் வாங்குவது உண்டா, கோபக்காரர் யாராவது இருக்கிறாரா. எல்லாம் சரிப்பட்டால் பூனையைச் சீரோடு அனுப்புவோம். அது சாப்பிட்ட கிண்ணம், படுத்திருந்த துணி, ஒரு பொட்டலம் கருவாட்டுத் தூள். சீர் என்று பெயர் வைத்தது நாத்தனார்தான். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அந்த ஆசையை எல்லாம் பூனைகளிடம் தீர்த்துக்கொண்டாள். கிண்ணம் போய்விட்டால் பூனை போனது போனதுதான். தெரு முழுக்க இது தெரியும்.

இப்போது, வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி கதைக்கு வருகிறேன். ஊர்க்கோடியில் மிங்கலாடோனில் இருக்கும் பர்மியக்காரி, புருஷனை இழந்தவர், வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வருவார். போன வருஷம் வந்தபோது, “ரெண்டு பூனைக்கு மேலே இருந்தா அடுத்த வருஷம் வீடு கிடையாது, தமீ” என்று சொல்லிவிட்டுப் போனார். தமீ என்றால் மகளே. மகளே என்று கூப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுக்க இந்த ஊர்ப் பெரியவர்களால்தான் முடியும். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். அவர் வருவதாக இந்த வருஷம் போன் வந்த அன்று வீட்டில் இருபது பூனைகள். பத்து வீடு ஏறி இறங்கினாலும் பூனைக்காரிகளுக்கு வீடு தருபவர் இந்த ஊரில் இல்லை. இந்த வீடு போனால் அத்தனையும் தெருவுக்குப் போகும்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கணும், அவ்வளவுதானே அண்ணி” என்றாள் நாத்தனார். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாரும் கேட்காத இரண்டு கிழங்களை, ஒற்றைக் கண்ணியையும் மூன்று கால்காரனையும், வீட்டில் வைத்துக்கொள்வது. மற்றவற்றைக் காலையிலேயே அக்கம்பக்கத்தில் பதுக்கிவிடுவது. நான் கூட்டிப் பெருக்கி, பினாயில் ஊற்றிக் கழுவி, சாம்பிராணி போட நின்றேன். கூடை அவள் பொறுப்பு.

ஐயோ, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பட்டப்பகலில், தூறலில், மூன்றாவது மாடியிலிருந்து பூனைகள் ஒவ்வொன்றாகக் கூடையில் இறங்குகின்றன. இரண்டாவது மாடித் தையல்காரி பால்கனியிலிருந்து கையை நீட்டிப் பிடித்துக்கொள்கிறாள். முதல் மாடி சயாமா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடுத்ததுக்குக் காத்திருக்கிறார். மிச்சம் எல்லாம் கீழே டீக்கடைக்குப் போய், அங்கிருந்து எதிர்வரிசை வீடுகளுக்குப் பிரிகின்றன. பஸ் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. கண்டக்டர், “இன்னும் ஒண்ணு ஏறலாம், உள்ளே தள்ளி நில்லு!” என்று கூடையைப் பார்த்துக் கத்தினான். கடைசியாக இறங்கியவன் ரவுடி. செம்பட்டை நிறத்தில், கிழிந்த காதோடு, எங்களிடமே சீறுகிறவன். அவனை டீக்கடைக்காரர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். எலிக்கு ஆள் வேண்டுமாம்.

வீட்டுக்காரி வந்தார். கன்னத்தில் சந்தனம் போல தனாகாப் பூச்சு, கையில் குடை, பையில் ஒப்பந்தத் தாள். வீடு கோயில் மாதிரி மணந்தது. கிழங்கள் இரண்டும் அன்றைக்கென்று சாதுவாக உட்கார்ந்திருந்தன. “காங்டே, காங்டே” என்று மெச்சிக்கொண்டே நடந்தவர் சமையலறை வாசலில் நின்றார். குனிந்து பார்த்தார். தரையில், சுவரோரமாக, வட்டம் வட்டமாகக் கறை. வருஷக்கணக்கில் கிண்ணங்கள் ஒரே இடத்தில் இருந்த தடம். பினாயிலால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

“ரெண்டு பூனையும் இத்தனை தட்டுலயா சாப்பிடுது, தமீ?”

“அதுங்களுக்கு ஒரே இடத்துல சாப்பிட்டா அலுத்துப்போவுது ஆன்ட்டி” என்றேன். என் வாயில் எப்படித்தான் அது வந்ததோ!

அவர் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையாக, அத்தனை பூனைகளையும் ஒளித்துவைத்த நாங்கள் கயிற்றை மேலே சுருட்டிவைக்க மறந்துவிட்டோம். மறுபடி அடித்தது. “மொஹிங்காக்காரர்” என்றேன். “அப்படின்னா சூடு ஆறிடுமே” என்று சொல்லி வீட்டுக்காரி தானே போய்க் கயிற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டார். பெரிய மனுஷியின் கையைப் பிடித்துத் தடுக்க முடியுமா? கூடை மேலே வந்தது. உள்ளே ரவுடி. பக்கத்தில் அவன் கிண்ணம், துணி, கருவாட்டுப் பொட்டலம். கீழேயிருந்து டீக்கடைக்காரர் கத்தினார், “அக்கா! பொரிச்ச மீனைத் தூக்கிட்டான், என் கையையும் கடிச்சிட்டான்! இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம்!”

“அமலே!” என்றார் வீட்டுக்காரி. அம்மாடியோ என்று நாம் சொல்வது போல. ரவுடி அவரைப் பார்த்துச் சீறினான். அவர் ரவுடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போடாத தாளைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டார். “கீழே போய் ஒரு டீ குடிக்கிறேன். யோசிச்சுச் சொல்றேன்” என்று படியிறங்கிவிட்டார்.

டீக்கடைக்காரர் வாயில் ஒரு சொல் தங்காது. எல்லாம் தீர்ந்தது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எனக்கு அப்போது வேறு ஒன்று உறைத்தது.

“ஏண்டி, அவனோட கிண்ணம் எப்படிக் கீழே போச்சு?”

“நான்தான் வெச்சேன் அண்ணி.”

“எல்லாத்துக்குமா வெச்சே?”

அவள் முகம் மாறியது. “பழக்க தோஷம். வெறுங்கூடையா அனுப்ப மனசு வரல்லே.”

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். எப்படியும் வீட்டைக் காலிசெய்ய வேண்டும், பிள்ளைகளையாவது ஒன்றுசேர்த்துக்கொள்வோம் என்று. தையல்காரி கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே என் சாம்பல் குட்டி தையல் மெஷினின் மிதியில் சுருண்டிருந்தது. “அக்கா, சீரோட அனுப்பிட்டு இப்போ திருப்பிக் கேக்கறீங்களே, நல்லாருக்கா? எம் மவ அதுக்குப் பேரு வெச்சிட்டா, அது சோறும் தின்னாச்சு.” முதல் மாடியில் சயாமா கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே காட்டினார். “கிண்ணம் போனா பூனை போச்சு. நீ சொன்ன சட்டம்.” எதிர்வரிசையில் ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பூனை மட்டும் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. எத்தனை வருஷம் ஒரு பூனைக்கு இடம் பிடிக்கத் தொண்டைத்தண்ணி வற்றப் பேசியிருக்கிறேன்! ஒரே காலையில், வாயே திறக்காமல், என் நாத்தனார் ஊருக்கே கல்யாணம் பண்ணிவைத்துவிட்டாள்.

மேலே வந்து தரையில் உட்கார்ந்தேன். வீடும் இல்லை, கிழங்களையும் ரவுடியையும் விட்டால் பூனையும் இல்லை. அழுகையாக வந்தது. அவளைத் திட்ட வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சாம்பிராணிப் புகையில் இருவரும் இருமி இருமிச் சிரித்தோம். அந்த வட்டங்கள் தரையில் அப்படியே இருந்தன.

மணி அடித்தது.

எட்டிப் பார்த்தேன். குடைக்குக் கீழே வீட்டுக்காரி நின்றிருந்தார், பக்கத்தில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு டீக்கடைக்காரர். தெருவே அண்ணாந்து பார்த்தது.

“எல்லாம் கேட்டுட்டேன், தமீ!” என்று கூவினார். “அந்தச் செம்பட்டையை இறக்கு. என் புருஷனும் அப்படித்தான், யாரைப் பார்த்தாலும் சீறுவார். அவர் போனப்புறம் வீட்டுல சத்தமே இல்லை.” கொஞ்சம் நிறுத்தி, “சீரோட இறக்கு!” என்றார்.

நாத்தனார் துணியை உதறி மடித்துப்போட்டாள். கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். ரவுடி அவள் மணிக்கட்டைக் கடைசியாக ஒருமுறை கீறிவிட்டுக் கூடையில் உட்கார்ந்தான், மாப்பிள்ளை மாதிரி. கயிற்றை விட விட, தெரு கைதட்டியது. நடத்துங்க, நடத்துங்க என்று இரண்டாவது மாடியிலிருந்து தையல்காரி குலவை போட்டாள்.

கூடையை மேலே இழுத்தேன். காலிக் கூடைக்கு இவ்வளவு கனம் கூடாதே என்று தோன்றியது. கிளிப்பில் ஒப்பந்தத் தாள், ஈரத்தில் மை சற்றே கலங்கிய கையெழுத்தோடு. கீழே டீக்கடைக்காரர் அவசரமாகக் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். தாளுக்கு அடியில், கூடைக்குள், அடுப்புக் கரி படிந்த மூன்று குட்டிகள் வாயைப் பிளந்து கத்தின.

“அந்த மனுஷனைப் பாரு அண்ணி!” என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டுக் கிண்ணம் தேடப் போனாள். கிழங்களின் கிண்ணங்களை விட்டால் வீட்டில் ஒரு கிண்ணம் மிச்சமில்லை. என் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.