பொன்னாடை போர்த்தி அடைத்த வாய்

ஒரு மனுசியின் வாயை அடைக்க உலகத்தில் எத்தனையோ வழி இருக்கிறது. எங்கள் ஆட்கள் பொன்னாடை போர்த்தி அடைத்தார்கள். நான் பின்வரிசையில் இருந்து என் கண்ணால் பார்த்தேன். எத்தனையோ வருசம் போய்விட்டது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்போது ரொறன்ரோவில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. நாங்கள் பார்க்டேலில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். என் கணவருக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. மேல் அறையில் டொக்டர் அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, லண்டனில் வேலை செய்து, கடைசியில் இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர். சத்திரசிகிச்சை செய்கிறவர். கலியாணம் செய்யவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். அவரோடு மட்டும் எனக்குக் கூச்சம் வருவதில்லை. வேலையால் வந்ததும் நேரே என் குசினிக்குள் வந்து, சட்டியைத் திறந்து பார்த்து, "இண்டைக்கும் கத்தரிக்காயோ?" என்று கேட்கிற மனுசியிடம் என்ன கூச்சம்?

ஒரு கோடையில் அவர் லீவு எடுத்துக்கொண்டு லெபனானுக்குப் போனார். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊரிழந்து வந்த பலஸ்தீனச் சனங்கள் ஓர் அகதி முகாமுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கேதான் வைத்தியம் பார்த்தார். திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தார். குசினிக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். நான் போய்க் குழாயைப் பூட்டுவேன்.

பிறகு மருந்து சேர்க்கத் தொடங்கினார். மருந்துக் கொம்பனிகள் டொக்டர்மாருக்குச் சும்மா கொடுக்கும் சாம்பிள் குளிசைகளைத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கிவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் கொட்டுவார். இரண்டு பேரும் இருந்து தரம் பிரிப்போம்.

"எங்கட வீடு பாமசியாப் போச்சு. நேற்றுச் சோத்துக்கை ஒரு குளிசை கிடந்தது" என்றார் என் கணவர்.

"அது உங்களுக்கு நல்லதுதான், விழுங்குங்கோ" என்றார் டொக்டர் அக்கா.

மருந்து சேர்ந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது மருந்து மட்டும் இல்லை.

"எங்கட தமிழ்ச் சங்கத்திலை எத்தினை டொக்டர்மார், எத்தினை நேர்ஸ்மார் இருக்கினம், தங்கச்சி. அதிலை ரெண்டு பேர் அடுத்த முறை என்னோட வந்தாக் காணும். அங்கை வைத்தியம் பாக்க ஆள் காணாது."

"வருவினமே, அக்கா?"

"கேட்டுப் பாப்பம். எங்கட சனத்துக்கு விளங்காமப் போகுமோ?"

விளங்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்து வந்த பொங்கல் விழா ஒரு சேர்ச்சின் அடித்தள மண்டபத்தில் நடந்தது. சங்கத்தின் செயலாளர் ஒரு கணக்காளர். கணீரென்ற குரல். எல்லாருக்கும் அவர் அண்ணை. டொக்டர் அக்காவுக்குப் பத்து நிமிடம் தந்தார். "நீரிழிவு, பிரஷர், உப்பிடி ஏதும் எங்கட சனத்துக்குப் பிரயோசனமாச் சொல்லுங்கோ, டொக்டர்" என்றார். டொக்டர் அக்கா அப்போதே சொல்லிவிட்டார், தான் முகாமைப் பற்றித்தான் பேசப்போவதாக. செயலாளர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்தின் கருத்து பிறகுதான் விளங்கியது.

டொக்டர் அக்கா மேடையில் ஏறினார். கையில் கடதாசி ஒன்றும் இல்லை.

"நானும் ஒரு வருத்தத்தைப் பற்றித்தான் பேசப்போறன். தண்ணி இல்லாத வருத்தம். முகாமுக்கு ஒரேயொரு குழாய். முகாமைச் சுத்தி வளைச்சு நிக்கிறவங்கள் அதுக்குக் குறி வைச்சுச் சுடுவாங்கள். எண்டாலும் தாய்மார் போவினம். சிலபேர் வாளியோட வருவினம். சிலபேரை நாங்கள் போய்த் தூக்கிக்கொண்டு வருவம்."

எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண், "நல்ல நாளும் பெருநாளுமா உதென்ன கதை" என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். அவள் "ஸ்ஸ்" என்றாள்.

"ஒரு தாய் விடியவெள்ளனத் தண்ணிக்குப் போனவ. அவவின்ரை பிள்ளை என்ரை கையிலை. வாய் காய்ஞ்சு, உச்சி குழி விழுந்து—"

அப்போதுதான் செயலாளர் எழும்பினார். முகம் நிறையச் சிரிப்பு. கையில் சரிகை போட்ட பொன்னாடை. மேடையில் ஏறி, பேசிக்கொண்டிருந்த மனுசியின் தோளில் அதைப் போர்த்தினார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார். "எங்கள் இனத்தின் பெருமை! மருத்துவத் திலகம்! எல்லாரும் பலத்த கைதட்டல் குடுங்கோ!" என்றார். சனம் கைதட்டியது. படம் எடுக்கிறவர் ஓடிவந்தார். அடுத்தது காவடி என்று அறிவித்தார்கள்.

அவமதிக்கிறதென்றால் அவமதித்துவிட்டுப் போங்கள். "இறங்கு" என்று சொல்லுங்கள். அதற்கும் ஒரு நேர்மை இருக்கிறது. மரியாதை செய்கிற மாதிரிச் செய்து, பிள்ளையின் கதை முடியுமுன் கைதட்டுகிற வித்தையை எங்கே படித்தார்கள்? பொன்னாடை போர்த்தினால் எழுந்து கும்பிட வேண்டும், திருப்பிப் பேசக்கூடாது. அது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டே அவரைக் கட்டிப்போட்டார்கள்.

ஸ்ட்ரீட்காரில் திரும்பி வரும்போது நான்தான் கேட்டேன். "அந்தப் பிள்ளை, அக்கா?"

"நரம்பு பிடிபடேல்லை, தங்கச்சி. சேலைன் ஏத்த ஏலாமப் போச்சு. செத்துப்போச்சு." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "பின்னேரம் தாய் தண்ணியோட வந்தவ."

அதற்குப் பிறகு ஊர்க்கதை தொடங்கியது. தனியே இருக்கிற பொம்பிளை, யாரோ அரபுக்காரனைப் பிடித்திருக்கிறாள் என்றார்கள். வந்த நாட்டில் எங்களுக்கேன் வீண் சோலி, வெள்ளைக்காரன் என்ன நினைப்பான் என்றார்கள். என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். அதே ஆட்கள்தான் அடுத்த மூச்சில், எங்கள் பிரச்சினையை உலகம் கேட்கிறதில்லை என்று மூக்கைச் சிந்தினார்கள். எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். டொக்டர் அக்கா மட்டும் ஓயவில்லை. வெள்ளைக்காரரின் சேர்ச்சுகளிலும், யூனிவேசிற்றியிலும், தொழிற்சங்கங்களிலும் போய்ப் பேசினார். அங்கே முழுக்கக் கேட்டார்கள்.

எழுபத்தேழில் இலங்கையில் கலவரம் வந்தது. தெற்கில் இருந்த எங்கள் சனத்தை அடித்து விரட்டினார்கள். என் கணவரின் தமையன் குடும்பம் உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறது என்று செய்தி வந்தது. எங்கள் வீட்டில் மூன்று நேரமும் அடுப்பு எரிந்தது, ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுதான் முதல் தடவை. டொக்டர் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து குசினி வாசலில் நின்றேன்.

"டொக்டர், உங்களை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம்? ஒரு பெரிய கூட்டம் போடப்போறம். சேர்ச்சாக்கள், யூனியன்காரர் எல்லாரும் உங்கட சொல்லுக்குத்தான் வருவினம். நீங்கள் பேச வேணும்."

"கட்டாயம் பேசுவன், அண்ணை. அந்த முகாமையும் சேர்த்துப் பேசுவன். எனக்கு இன்னும் அந்த ரெண்டு பேர் கிடைக்கேல்லை."

செயலாளரின் முகம் சுருங்கியது. "ஐயோ, அந்தக் கதையை இதுக்குள்ளை கலக்காதேங்கோ. அது வேறை, எங்கட பிரச்சினை வேறை."

"என்ன வேறை?"

"அவங்கள் துவக்குத் தூக்கின ஆக்கள். எங்கட சனம் அப்பாவியள்."

"என்ரை கையிலை செத்த பிள்ளைக்கு எட்டு மாசம், அண்ணை. அது எந்தத் துவக்கைத் தூக்கினது?"

செயலாளர் என் கணவரின் பக்கம் திரும்பினார். குளிசை பற்றிப் பகிடி விடுகிற மனுசன் அன்றைக்குப் பகிடி விடவில்லை. "என்ரை தமையன்ரை பிள்ளையள் இப்ப பள்ளிக்கூட நிலத்திலை படுத்திருக்குதுகள், அண்ணை. இவ சொன்னாத்தான் நாலு பேர் கேப்பினம். இவவை முழுக்கப் பேச விடுங்கோ" என்றார்.

"சரி, கடைசியிலை ரெண்டு வசனம் சொல்லுங்கோவன்" என்றார் செயலாளர்.

"முதல்லை சொல்லுவன்" என்றார் டொக்டர் அக்கா.

செயலாளர் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். வேறு ஆள் இல்லாதபடியால் சம்மதித்தார். மனம் மாறி இல்லை.

கூட்டத்துக்கு மண்டபம் நிரம்பியது. முன்வரிசைகளில் வெள்ளைக்காரர், பின்னால் நாங்கள். டொக்டர் அக்கா இங்கிலிசில் பேசினார். எனக்குப் பாதியும் விளங்கவில்லை, ஆனால் குழாய், வாளி, பிள்ளை என்று கதை எங்கே போகிறது என்பது அவர் கை அசைவிலேயே தெரிந்தது. நான் மேடையை விட்டு எங்கள் ஆட்களைப் பார்த்தேன். ஒருவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் முகட்டைப் பார்த்தார். இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். பேச்சு எங்கள் ஊருக்குத் திரும்பியதும் எல்லாரும் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார்கள். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. நானும் அழுதேன். ஆனால் பள்ளிக்கூட நிலத்தில் படுத்த பிள்ளைக்கு வந்த கண்ணீர், பத்து நிமிடத்துக்கு முன் தண்ணீரில்லாமல் செத்த பிள்ளைக்கு ஏன் வரவில்லை? கண்ணுக்கு ஊர் பார்க்கத் தெரியுமா?

கடைசியில் டொக்டர் அக்கா இங்கிலிசிலும் தமிழிலும் கேட்டார். "அடுத்த மாசம் நான் திரும்பப் போறன். ஆர் என்னோட வாறியள்?"

எங்கள் பக்கம் ஒரு கதிரையும் அசையவில்லை. டொக்டர்மார் இருந்தார்கள். நேர்ஸ்மார் இருந்தார்கள். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். முன்வரிசையில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் எழும்பி நின்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, இன்னொரு இளம் டொக்டர். அவனும் எங்கள் ஆள் இல்லை. இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள். எங்களிடம் இருந்து இல்லை.

செயலாளர் நன்றியுரைக்கு எழும்பினார். அந்தக் கணீர்க் குரலில், துன்புறும் எங்கள் தமிழ் மக்களுக்காகக் குரல் கொடுத்த டொக்டருக்கு நன்றி என்றார். அவ்வளவுதான். மற்றப் பாதி போய்விட்டது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. இருந்த இடத்திலேயே எழும்பிவிட்டேன். "மற்றச் சனத்தையும் சொல்லுங்கோ, அண்ணை."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செயலாளர், "என்ன, தங்கச்சி?" என்றார், கேளாத மாதிரி.

"அந்தப் பலஸ்தீனச் சனத்தையும் சொல்லுங்கோ. அவையைப் பற்றியும்தானே டொக்டர் அக்கா பேசினவ."

அவர் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்ட இழுத்தார். பிறகு சொன்னார்: "எங்கள் மக்களுக்காகவும், மற்றும் பிறருக்காகவும்."

மற்றும் பிறர். அந்தத் தாய்மாரும் பிள்ளைகளும் எங்கள் மண்டபத்தில் அவ்வளவுதான். கைதட்டினார்கள். டொக்டர் அக்கா மேடையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது சிரிக்கிற விசயம் இல்லை.