ரெண்டு சகலன், ரெண்டு மாக்னம்

தோட்டா விக்கிற கவுண்டரிலை நிக்கிற ஆளுக்கு ஒரு விஷயம் கெதியா விளங்கும்: வாற சனம் ஆலோசனை கேக்க வாறேல்லை, வீட்டிலையே எடுத்துப்போட்ட முடிவுக்கு ஓம் போட ஒராள் தேடித்தான் வருகினம். நீங்களும் ஃபோன் கடையிலையோ மருந்துக் கடையிலையோ கால் கடுக்க நிண்ட ஆளெண்டால், நான் சொல்லப்போறது உங்களுக்குப் புதுசில்லை. சாமான்தான் வேறை.

நான் ரொறன்ரோவிலை அஜின்கோர்ட் பக்கம் பதினொரு வருசம் சீலை வித்தனான். அந்தக் கடை பூட்டினாப்பிறகு, விட்பிக்குப் போற வழியிலை ஒரு வேட்டைச் சாமான் கடையிலை வேலை கிடைச்சுது. கோர்ஸ் முடிச்சு, லைசன்ஸ் எடுத்து, இப்ப ஆறு வருசமாய் தோட்டாப் பகுதி முழுக்க என்ரை பொறுப்பு. முதலாளி கார்ல் நல்ல மனிசன்; கதை குறைவு, கோப்பி கூட.

விசயம் தெரிஞ்ச ஆள்

முதல் மாதம் ஒரு வெள்ளைக்கார அங்கிள் வந்தார். கவுண்டரிலை ஒரு தமிழ்ப் பொம்பிளை நிக்கிறதைக் கண்டு, என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, "விசயம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு" எண்டார். கார்ல் கோப்பிக் கோப்பையாலை என்னையே காட்டினார். அங்கிளுக்குத் தூரத்துக்குச் சுட ஒரு துவக்கு வேணுமாம். அதுக்குப் போடுற தோட்டா பழைய முந்நூறு மாக்னமோ, புதுசாய் வந்த மாக்னமான பிஆர்சியோ எண்டு குழப்பம்.

ரெண்டிலையும் ஒவ்வொண்டு எடுத்து ரப்பர் விரிப்பிலை வைச்சன். பழசுக்கு அடியிலை இடுப்புப் பட்டி மாதிரி ஒரு வளையம் இருக்கும். துவக்குக்குள்ளை அளவாய் நிக்கிறதுக்கு அந்தக் காலத்திலை போட்ட பட்டி. புதுசுக்கு அது இல்லை, கழுத்துக்குக் கீழை சரியுற தோளாலையே நிக்கும். அதின்ரை சன்னம், வெடிச்சாப் பறந்து போற முன்துண்டு, நீளம், மூக்குக் கூர், அதாலை தூரம் போகப் போகவும் வேகம் கெதியாய்க் குறையாது, காத்தும் கனக்கத் தள்ளாது. ஆனால் பழசு எந்தக் கடையிலையும் கிடைக்கும், முந்நூறு மீற்றருக்குள்ளை நிக்கிற மானுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "இனி நீங்கள்தான் தெரிவு செய்யவேணும்" எண்டன். அவர் இங்கிலீசிலை சொன்னதை எங்கடை பாசையிலை சொன்னால் இதுதான்: "என்ரை மனிசியும் உப்பிடித்தான், ரெண்டையும் மேசையிலை பரப்பிப்போட்டு என்ரை தலையிலை கட்டிவிடுவள்."

காத்துக்காரி

பல் வைத்தியரிட்டை வேலை செய்யிற பிலிப்பினோப் பிள்ளை ஒருத்தி, மே எண்டு பேர். ஆள் அஞ்சடிதான். ஞாயிற்றுக்கிழமையளிலை தொள்ளாயிரம் மீற்றருக்கு அங்காலை கடதாசி கட்டிவிட்டுச் சுடுறவள். வேட்டையும் இல்லை, இறைச்சியும் இல்லை, வெறும் கடதாசி. ஆனால் அவள் வந்தால் கடையிலை நிக்கிற ஆம்பிளையள் கதையை நிப்பாட்டிப்போட்டு அவளின்ரை வாயைப் பாப்பினம்.

கன காலம் பழைய மாக்னத்தோட திரிஞ்சவள் திடீரெண்டு புதுசுக்கு மாறினாள். பழசிலை என்ன குறை கண்டனி பிள்ளை எண்டு கேட்டன். வாங்கின பெட்டியளைப் பையிலை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "பழசோட நிண்டால் காத்தைப் பற்றி ரெண்டு தரம் யோசிக்கவேணும், புதுசோட ஒருதரம் காணும்."

சகலன்மார்

இனித்தான் கதை. குணம் அண்ணையும் சிறியும் சகலன்மார். அக்கா ராணியைக் கட்டினவர் குணம் அண்ணை. ட்ரக் ஓடி ஓய்வு எடுத்தவர், அறுபத்தேழு வயது. தங்கச்சி கலாவைக் கட்டினவர் சிறி. யூனியன்வில்லிலை வீடு, கொம்பியூட்டர் வேலை. பதினாலு வருசமாய் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வடக்கே வேட்டைக்குப் போறவை. அண்ணையிட்டை பழைய முந்நூறு மாக்னம். சிறி இந்த வருசம் புது பிஆர்சி ஒண்டு வாங்கினார். பிறகென்ன, ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையிலை வாய் தடிச்சுப் போச்சு. "உங்கடை துவக்கை மியூசியத்துக்குக் குடுங்கோ அண்ணை" எண்டு சிறி சொல்ல, "உனக்குக் குறி பிடிக்கத் தெரியாது, அதுதான் ஃபோனிலை கணக்குப் பாத்துச் சுடுறாய்" எண்டு அண்ணை சொல்ல, அண்டையோட கதை பேச்சில்லை.

சும்மா வருசமெண்டால் நானும் சிரிச்சுப்போட்டு விட்டிருப்பன். இந்த வருசம்தான் அவைக்கு மூஸ், அந்தக் குதிரை உயர மான், சுடுற அனுமதிச் சீட்டு விழுந்தது. அது நினைச்ச உடனை கிடைக்கிற சாமானில்லை, வருசக்கணக்காய்க் காத்திருக்கவேணும். சீட்டு சிறியின்ரை பேரிலை, கூடப் போற லைசன்ஸ்காரரும் அதிலை சுடலாம். அண்ணை வாழ்க்கையிலை மூஸ் சுட்டதில்லை. மார்கழியிலை அவருக்கு முழங்கால் ஒப்பரேசன். அதுக்குப் பிறகு வீதியிலை நடக்கலாம், காட்டுக்குள்ளை மேடு பள்ளம் நடக்கிறதை மறந்துபோடு எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இந்தமுறை போகாட்டி அந்த மனிசனுக்கு மூஸ் இல்லை.

ரெண்டு பேரும் தனித்தனியாய் வந்து, எது திறம் எண்டு என்னட்டைத் தீர்ப்புக் கேட்டினம். "ஒண்டாப் போங்கோவன்" எண்டு மட்டும் சொன்னன். "அவன் கூப்பிட்டால் போவன், நானாய்க் கேக்கமாட்டன்" எண்டார் அண்ணை. அடுத்த நாள் சிறி வந்து அதே இடத்திலை நிண்டு சொன்னது: "அண்ணை கேட்டால் கூட்டிக்கொண்டு போவன் அக்கா, நானாய்க் கூப்பிடமாட்டன்."

வடக்குத் தீர்ப்பு

அந்தக் கிழமையே, மேலை வடக்கிலை காட்டோரம் பண்ணை வைச்சிருக்கிற ஒரு கமக்காரர் ரொறன்ரோவுக்கு ஏதோ அலுவலாய் வந்தவர் கடைக்குள்ளை புகுந்தார். சிறி பக்கத்திலை நிண்டு பிஆர்சியின்ரை பெருமையை எனக்கு ஃபோனிலை படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கமக்காரர் பொறுமையாய் எல்லாத்தையும் கேட்டார். திறமான சாமான்தான் எண்டு தலையாட்டினார்.

பிறகு சிறியைப் பாத்து, காட்டுக்குப் போற வழியிலை தோட்டாப் பெட்டியை வீட்டிலை மறந்திட்டு வந்ததெண்டு தெரிஞ்சால் என்ன செய்வாய் எண்டு கேட்டார். சிறி, நான் மறக்கமாட்டன் எண்டார். கமக்காரர் சிரிக்கேல்லை: "எங்கடை ஊர்ப் பெற்றோல் ஷெட்டிலை பாண், பாலுக்குப் பக்கத்திலை எது அடுக்கிக் கிடக்கோ, அதுதான் தம்பி நல்ல மாக்னம்."

சரஸ்வதி பூசைச் சரை

எங்கடை ஆக்கள் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைப்பினம், லப்ரொப் வைப்பினம், கார்த் திறப்பும் வைப்பினம். இந்த ரெண்டு வீட்டிலையும் கூடுதலாய் ஆளுக்கொரு தோட்டா. சந்தனப் பொட்டு வைச்சு, பூசை முடிய ஒரு கடதாசிச் சரையிலை மடிச்சு எடுத்து வைச்சிருந்து, அந்த வருச வேட்டையிலை முதல் வெடி அதுதான். பூசை எப்பவும் கலா வீட்டிலை. இந்தமுறை ஆம்பிளையள் முகம் குடுக்கேல்லை, பொம்பிளையள் வழமை போலச் செய்தினம். அண்ணையின்ரை தோட்டாவை ராணி அக்கா ஹான்ட்பாக்கிலை கொண்டு திரிஞ்சிருக்கிறா. லைசன்ஸ் இல்லாத மனிசியின்ரை கையிலை தோட்டாவைக் குடுக்கலாமோ எண்டு அண்ணையை நான் நல்லாய்ப் பேசினன். தலையைக் குனிஞ்சுகொண்டு கேட்டார்.

பூசை முடிஞ்ச கையோட அவர் கடைக்கு வந்தது அந்தப் பேச்சுக் கேக்கிறதுக்கில்லை. சரையை விரிச்சுக் காட்டினார். சந்தனப் பொட்டு இருக்கு, பட்டி இல்லை. சிறியின்ரை பிஆர்சி. அப்ப அண்ணையின்ரை பட்டி வைச்ச தோட்டா சிறி வீட்டிலை. நான் இடையிலை நிண்டு மாத்தித் தரட்டாம், தனியப் போய் மானாவது சுடப்போறாராம். பெட்டிக்குள்ளை வேறை பத்தொன்பது கிடக்குத்தானே, அதிலை ஒண்டைப் போட்டுச் சுடுங்கோவன் எண்டன். அவருக்கு முகம் சிவந்து போச்சு: "பூசையிலை வைச்சது இல்லாமல் காட்டுக்குப் போறதும் தாலி இல்லாமல் மணவறையிலை குந்துறதும் ஒண்டுதான் பிள்ளை."

வித்தது வித்ததுதான்

பின்னேரம் சிறி ஃபோன் எடுத்தார். அதே முறைப்பாடு, தன்ரை சரைக்குள்ளை பட்டி கட்டினது கிடக்காம். ரெண்டு பேருக்கும் நான் ஒரே மறுமொழிதான் சொன்னன்: வித்த தோட்டாவைக் கடை திருப்பி எடுக்காது, ஒருத்தற்றை வாங்கி மற்றவருக்குக் குடுக்கவும் ஏலாது, சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாங்கோ, முதலாளியைக் கேட்டுப் பாப்பம். முதல் பாதி கடைச் சட்டம். மிச்சம் என்ரை சட்டம்.

சனிக்கிழமை கடையிலை கூட்டம் நெரியுற நேரம். ஒருத்தரை ஒருத்தர் கண்டதும் ரெண்டு பேரும் சுவரிலை தொங்கின மீன் தூண்டிலைப் பாக்கத் தொடங்கிச்சினம். நான் ரப்பர் விரிப்பைப் போட்டு, "கொண்டந்ததை வையுங்கோ, அவரவர் தன்ரையை எடுங்கோ" எண்டன். வைச்சினம். ஆனால் அண்ணை சிறியின்ரை தோட்டாவிலையிருந்து கையை எடுக்கேல்லை, உருட்டி உருட்டிப் பாத்தார். "உந்த மூக்கென்ன இவ்வளவு நீளம்?" எண்டார், விரிப்பைப் பாத்துக்கொண்டு. "காத்தை வெட்டத்தான் அண்ணை" எண்டார் சிறி. பிறகு அவர் அண்ணையின்ரை பட்டியை நகத்தாலை தடவி, உது என்னத்துக்கு எண்டு கேட்டார். அண்ணை தொடங்கினார். பத்து நிமிசம். வரிசை கதவு வரைக்கும் போயிட்டுது, கார்ல் என்னைப் பாக்கிறார், நான் கூரையைப் பாக்கிறன்.

கடைசியிலை சிறி சொன்னார், "வெள்ளிக்கிழமை விடியப் போறன். முன் சீற் சும்மாதான் கிடக்கு." அண்ணை தோட்டாவைச் சரையிலை மடிச்சு மடிச்சு, "முழங்கால் நீட்ட இடம் காணுமோ?" எண்டு கேட்டார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு, வெக்கமில்லாமல் சொல்லுறன், ஆறு வருசத்திலை அந்தக் கவுண்டரிலை அவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததில்லை. பின்னாலை நிண்ட மனிசனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது, எண்டாலும் அவர் மெதுவாய்க் கேட்டார்: "இவை ராசியாகிட்டினமெண்டால், எனக்கு ரெண்டு பெட்டி வாத்துத் தோட்டா தருவியளோ?"

அறுபது மீற்றர்

ரெண்டு கிழமை கழிச்சு ராணி அக்காவும் கலாவும் ஒரு குளிர்ப் பையோட வந்திச்சினம். உள்ளுக்கை மூஸ் இறைச்சி, எனக்கெண்டு. கதையைக் கலாதான் சொன்னாள். மேட்டிலை ஏறி, காத்து அளக்கிற கருவி, ஃபோன் எல்லாம் விரிச்சு, எண்ணூறு மீற்றருக்கு அங்காலை இருந்த வெளியைச் சிறி பாத்துக்கொண்டிருக்க, மூஸ் பின்பக்கப் பற்றைக்குள்ளாலை வந்து அறுபது மீற்றரிலை நிண்டுதாம். சிறி திரும்பி, துவக்கிலை பூட்டின பெரிய தூரக்கண்ணாடிக்குள்ளாலை பாத்தால் மயிரைத் தவிர ஒண்டும் தெரியேல்லையாம். தலை எது வால் எது எண்டு தெரியாமல் அவர் தடவ, அண்ணை பூசைத் தோட்டாவாலை ஒரே ஒரு வெடி.

சுட்டிட்டு அந்த மனிசன் ஈர நிலத்திலை குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதவராம். இறைச்சியைச் சிறி நாலு நடை தனியச் சுமந்தவர். அண்ணையைத் தண்ணிப் போத்தல் கூடத் தூக்க விடேல்லையாம். எல்லாம் சரி, அந்தச் சரை ரெண்டும் எப்படி மாறினது எண்டு நான் கேட்டன். அக்காவும் தங்கச்சியும் ஒருத்தியை ஒருத்தி பாத்தினம். கலாவுக்குச் சிரிப்பு அடக்க ஏலேல்லை. ராணி அக்கா பையின்ரை சிப்பை இழுத்து மூடினா: "தோட்டாவிலை பட்டி இருக்கோ இல்லையோ எண்டு பாக்கத் தங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியுமெண்டு நினைச்சுக்கொண்டு திரியினம், எங்கடை மனிசன்மார்."

மடக்குக் கதிரை

ஒப்பரேசன் முடிஞ்சு, பனி கரையுற நேரம், அண்ணை பொல்லு ஊண்டிக்கொண்டு வந்தார். மற்றக் கையைச் சிறி பிடிச்சிருந்தார். சிறிக்குப் பழைய முந்நூறு மாக்னம் ஒண்டு வேணுமாம், கிட்டத்துக்கும் உதவும், பெற்றோல் ஷெட்டிலையும் தோட்டா கிடைக்குமாம். அண்ணைக்குப் புது பிஆர்சி வேணுமாம். நான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தன். "அண்டைக்கு உங்கடை துவக்குத்தானே வெண்டது" எண்டு சிறி தொடங்க, "அது அறுபது மீற்றரடா, மூஸ் தானாய் வந்து நிண்டது, தூரத்துக்கு உன்ரையைப் போல வராது" எண்டு அண்ணை குறுக்க விழ, பழையபடி சண்டை. இந்தமுறை ஆளுக்காள் மற்றவரின்ரை துவக்குக்காக.

இனிக் காட்டுக்குள்ளை நடக்கேலாத மனிசனுக்கு எதுக்குத் தூரத்துத் துவக்கு எண்டு நான் வாய் தவறிக் கேட்டுப்போட்டன். கேட்ட பிறகு நாக்கைக் கடிச்சன். அண்ணை கோவிக்கேல்லை. அவருக்கு எல்லாம் திட்டம் இருக்கு. சிறி வண்டியாலை மேட்டடி வரைக்கும் ஏத்திக்கொண்டு போய், ஒரு மடக்குக் கதிரையை விரிச்சு இருத்திவிடுவாராம். எண்ணூறு மீற்றர் வெளி முழுக்கக் கண்ணுக்கு முன்னாலை கிடக்குமாம். மான் எண்டாலும் சரி, வெறும் கடதாசி எண்டாலும் சரியாம். மேயிட்டைக் காத்துப் பாக்கப் பழகவும் ஆள் றெடி. பொல்லைக் கவுண்டரிலை சாத்தி வைச்சிட்டு, கூர் மூக்குத் தோட்டா ஒண்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடிச்சார்: "முழங்கால் கிட்டப் போகாட்டி, சன்னம் தூரம் போகட்டுமே பிள்ளை."

பழசோ புதுசோ எண்டு கேட்ட சனத்துக்கெல்லாம் ஆறு வருசம் நிண்டு விளக்கஞ் சொல்லிக் காலும் வாயும் உளைஞ்சதுதான் மிச்சம், ரெண்டு சரையை மாத்தி மடிச்ச அக்காவுக்கும் தங்கச்சிக்கும், ஒருத்தற்றை தோட்டாவை மற்றவரைக் கையிலை எடுத்துப் பாக்கப் பண்ணுறது அஞ்சு நிமிச வேலை.