விரதக்காரருக்கு ஒரு வேளைச் சோறு

பிள்ளைகளா, உங்களை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் கோலாலம்பூருக்கு ஊழியத்துக்குப் போனோமே, அதை முழுதாக எழுதுகிறேன். சபையில் பாதிக் கதைதான் பேசுகிறார்கள். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சபைக்கூடத்தில் தங்கினோம். காலையில் சமையல், மதியம் தெருவில் படுத்துக் கிடப்பவர்களுக்குப் பொட்டலம் கொடுப்பது, ஜெபம் கேட்டால் ஜெபிப்பது. இதுதான் வேலை. தொழிற்சாலையில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் என்றாலும் சபை விருந்து என்றால் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பவன் நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் கரண்டியை என் கையில் கொடுத்தார்கள். கோழிக்குழம்பு வைத்தேன், நன்றாகவே வந்தது.

அது தைப்பூசத்துக்கு முந்தின வாரம். தெரு முழுக்க மஞ்சள் துணியும் பால்குடமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைகளுக்கு நடுவில்தான் நாங்கள் கோழிச்சோற்றுப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. உபவாசம் என்றால் எங்களுக்கு ஜெபக்கூட்டத்து உபவாசம்தான், அது முடிந்ததும் கோழிதான்.

கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், சாத்தியிருந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டை துவைத்ததாக இருந்தது. காலில் செருப்பு இல்லை. சபையார் காணிக்கையாகக் கொடுத்த புதுச்செருப்புகளை ஒரு பையில் வைத்திருந்த அம்மா, அதில் ஒரு ஜோடியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சைஸ் சரியா இருக்கா பாருங்க அண்ணே."

"வேணாங்கா. நான் செருப்பு போடுறதில்ல."

"தார் கொதிக்குது லா. கால் என்னத்துக்கு ஆகும்?"

"கொதிக்கத்தான் செய்யுது. பழகிருச்சு."

நான் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கி மூக்கருகே கொண்டு போனார். முகம் மாறியது.

"கோழியாண்ணே?"

"ஆமா. நான்தான் ஆக்கினேன். சாப்பிட்டுப் பாருங்க."

அவர் இரண்டு கையாலும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நான் விரதம்ணே. பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

அப்போதுதான் எனக்கு அந்தச் செருப்பில்லாத கால் புரிந்தது. அது வேண்டுதல். நாங்கள் அதை இல்லாமை என்று நினைத்துவிட்டோம். வெறும் சோறாவது கொடுக்கலாம் என்று பெட்டியைத் துழாவினேன். எல்லாப் பொட்டலத்திலும் குழம்பை ஊற்றிக் கட்டியிருந்தேன்.

எங்கள் குழுத் தலைவர் வந்தார். சபையில் எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் சொல்வோம். "என்ன பிரதர், இங்கயே நின்னுட்டீங்க?" என்றார். சொன்னேன்.

"பசிக்குதுங்கிறாரு, கோழி வேணாங்கிறாரு. நாம என்ன ஆர்டர் எடுக்கவா வந்தோம்?"

அந்த மனிதர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "நான் பசிக்குதுன்னு சொல்லலயே பாஸ். நீங்களாத்தான் வந்தீங்க. தெருவுல படுக்கிறவன் விரதம் இருக்கக் கூடாதா?"

அண்ணன் அடுத்த ஆளிடம் போனார். அம்மா அந்த மனிதர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யாரிடமும் கதையை வாங்கிவிடுவாளே உங்கள் அம்மா, இவரிடமும் வாங்கினாள்.

கிள்ளானில் ஒரு கிடங்குக்குக் காவல் இருந்தவராம். குடியில் வேலை போனது, வீடு போனது. கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி அங்கேயே இருக்கிறாள். ஒரு மண்டலம் குடிக்காமல் விரதம் இருந்து பால்குடம் எடுத்தால் பத்துமலைக்கு வந்து அப்பாவைப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். நடுவில் விட்டால் இனி என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு வேளை மட்டும் மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டு அதை நடத்திக்கொண்டு வந்தார். பின்னால் சாத்தியிருந்த அந்தக் கடையைக் கூட்டிக் கழுவுவது அவர் வேலை, மதியச் சோறு கூலி. தன் தாயார் தவறிவிட்டதால் கடைக்காரர் கதவை இழுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நேற்று மதியத்துக்குப் பிறகு இவர் வயிற்றில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

"கோயில்ல அன்னதானம் போடுவாங்களே?" என்று கேட்டேன்.

"போடுவாங்க. குடிச்சுட்டு அங்க ஒருநாள் ரகளை பண்ணிட்டேன்ணே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "பசியக்கூடத் தாங்கிருவேன். வயிறு காலியா இருந்தா குடி ஞாபகம் வந்துருது. அதுக்குத்தான் பயமா இருக்கு."

நான் எங்கள் சபை வேன் நின்ற இடத்துக்குப் போய் அண்ணனிடம், மரக்கறியாகக் கொஞ்சம் ஆக்கிக் கொடுத்துவிடலாம் என்றேன். அண்ணன் கெட்டவர் இல்லை, பிள்ளைகளா. சின்னவளுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் நம்மோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பிரதர், யாருக்கும் சோறு போடலாம். நான் தடுக்கல. ஆனா இது அந்த வேண்டுதலுக்குச் சோறு. நாம ஆக்கிப் போட்டா அந்த வேண்டுதல நாம நடத்திக் கொடுத்த மாதிரி. சபையார் நம்மள இதுக்கா அனுப்பினாங்க?"

"பசிக்கிற ஆளுக்குச் சாப்பிட முடிஞ்ச சோத்தக் கொடுக்க அனுப்பினாங்க."

"கோழிய அவர் சாப்பிடலாம். அவர்தான் மாட்டேங்கிறார்."

"அவர் சொன்ன சொல்ல உடைச்சாத்தான் நம்ம சோறு கிடைக்கும்னா, அது என்ன சோறுண்ணே?"

"சபை அடுப்புல ஆக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"சரி. ஆக்கல."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "செந்தூல்ல, சாமி கும்பிடுற குடும்பத்துல வாழ்க்கைப்பட்ட எங்க அக்கா வீடு இருக்குல்ல? அவ வீட்டுலயும் இப்ப விரதம்தான். கறிச்சட்டி படாத அடுப்பு. வாங்க." கொமூட்டர் ரயிலில் ஏறினோம்.

உங்கள் செந்தூல் பெரியம்மா கதவைத் திறந்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்ன, அல்லேலூயா வீட்டுக்காரங்க என் அடுப்பத் தேடி வந்துருக்கீங்க? கறி தொட்ட கைய நல்லாக் கழுவிட்டு உள்ள வாங்க." விஷயத்தைக் கேட்டதும் கேலியை நிறுத்திவிட்டாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். அவள் சொல்லச் சொல்ல நான் கிளறினேன். ருசி பார்க்கக் கரண்டியை வாய்க்குக் கொண்டு போனபோது கையில் ஓர் அடி விழுந்தது. "விரதச் சோத்த எச்சில் பண்ணாதீங்க. உப்ப வாசத்துலயே பாருங்க." என் சமையலில் ருசி பார்க்காமல் இறக்கிய முதல் குழம்பு அதுதான்.

டிபன் கேரியரும் வாழையிலையுமாகத் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில், கால்களை மடக்கிக்கொண்டு இருந்தார். எங்கே ஆக்கியது என்று கேட்டார். விரத வீட்டில் என்று அம்மா சொன்ன பிறகுதான் மூடியைத் திறந்தார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, போதும் போதும் என்று அவர் இலையை மறைக்கிறவரை பரிமாறினோம். அவர் திருநீறு பூசிக்கொண்டு சாப்பிட்டார். நான் என் ஆண்டவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். இரண்டும் ஒரே இலைக்கு முன்னால்தான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை.

அடுத்த நாளும் செந்தூல் போனோம். கூடத்தில் அண்ணன் என்னிடம் கரண்டியை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்தார். கொடுக்கட்டும். ஊர் திரும்பும் நாள் வந்தது. தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருந்தது. வேன் புறப்படும்போது அண்ணன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறுங்க பிரதர். இதோட விட்டுட்டா நானும் ஊர்ல பேச மாட்டேன்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், கால் வேனை நோக்கித்தான் போனது. உங்கள் நினைவு, வேலை நினைவு எல்லாம் இருந்தது. ஆனால் நாளை மதியம் அந்த வாசலில் அவர் காலி வயிற்றோடு உட்கார்ந்திருப்பார். நாம் ஆரம்பித்து வைத்துவிட்டுப் போனால், ஆரம்பிக்காமல் இருந்ததைவிட மோசம்.

"ஊர்ல பேசுங்கண்ணே" என்றேன். "நல்லாச் சத்தமாவே பேசுங்க."

அம்மா எங்கள் பையை வேனிலிருந்து இறக்கினாள். நான் தொழிற்சாலைக்குப் போன் போட்டு லீவு கேட்டேன். அத்தைக்குப் போன் போட்டது அம்மா, திட்டு வாங்கியதும் அவள்தான். தைப்பூசம் வரை செந்தூலில் தங்கி, தினமும் மதியம் அவருக்குச் சோறு கொண்டு போனோம்.

தைப்பூசத்தன்று காலையில் பெரியம்மா குடும்பத்தோடு பத்துமலைக்குப் போனோம். படியேறவில்லை, அடிவாரத்தில் நின்றோம். மஞ்சள் வேட்டியில், தலையில் பால்குடத்தோடு அவர் கூட்டத்தில் வந்தார். ஓரத்தில் கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் ஓடிப்போய் அவரை மறித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போய் மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு குழந்தையை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு, மற்றக் கையால் அவர் முழங்கையைப் பிடித்து, அவரோடு படியேறினாள். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஊருக்கு வந்ததும் சபையில் என்னைக் கூப்பிட்டு, தவறு செய்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போவேன், நம் பழைய பெஞ்சில்தான் உட்காருவேன். எழுந்து போ என்று யாரும் சொல்ல முடியாது.

உங்களிடம் யாராவது, "உங்கப்பா பத்துமலைக்குப் போனாராமே?" என்று கேட்டால் தலையைக் குனியாதீர்கள். ஆமாம், அம்மாவும்தான் போனார் என்று சொல்லுங்கள்.