அரசியல் அறிவியலுக்குப் பிள்ளை பிடித்த கதை

கல்லூரி வாத்தியார் வேலைன்னா பாடம் நடத்துறது மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்க, ஒரு தனியார் கல்லூரியில மே மாசம் வேலை பார்த்துட்டு வந்து பேசுங்க. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே கையில ஒரு கட்டு விண்ணப்பத்தைக் கொடுத்து, கோவில்பட்டி வெயில்ல தள்ளி விட்டுருவாங்க. ஊர் ஊராப் போய், வாசல் வாசலா நின்னு, "எங்க காலேஜ்ல சேருங்க"ன்னு கேட்கணும். எங்க ஸ்டாஃப் ரூம்ல இதுக்குப் பேரு 'பிள்ளை பிடிக்கப் போறது'.

பி.காம். ஆளுங்களுக்குக் கவலை இல்லை, பிள்ளைங்க தானா வந்து சேரும். நான் அரசியல் அறிவியல். எங்க துறையில ரெண்டு பேரு இருந்தோம். பங்குனியில அந்த சாரு இன்சூரன்ஸ் வேலைக்குப் போயிட்டாரு, புத்திசாலி. சித்திரை பிறந்ததும் முதல்வர் என்னைக் கூப்பிட்டு, ஜூன்ல பதினஞ்சு பேர் சேரலேன்னா துறையை மூடிருவோம், வேற இடம் பார்த்துக்கோங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எட்டு வருசம் அங்க சாக்பீஸ் தேய்ச்சவ நான். அன்னைக்கிலருந்து எனக்கு நின்னா நிலை கொள்ளல, உட்கார்ந்தா இருப்புக் கொள்ளல. இதே படிப்பைப் படிச்சுட்டு, கல்யாண வீட்டுல "என்ன படிச்சிருக்கே?"ன்னு கேட்டா தண்ணி குடிக்கிற மாதிரி எழுந்து போற என் சக பாவிகளே, நீங்களாவது இதைக் கேளுங்க.

மூணாவது கட்சி

அப்ப வரைக்கும் என் கணக்குல சேர்ந்தது நாலு பேரு. இடைசெவல் பக்கம் ஒரு வீட்டுல, பையனோட அப்பா விறகுக்குக் காஞ்ச பருத்திமாரைக் கட்டுக் கட்டா அடுக்கிக்கிட்டு இருந்தாரு. "அரசியல் அறிவியல்னு நல்ல படிப்பு அண்ணாச்சி"ன்னு ஆரம்பிச்சேன். 'அரசியல்' அவர் காதுல விழுந்துச்சு, 'அறிவியல்' காத்தோட போயிருச்சு. "எந்தக் கட்சி?"ன்னு கேட்டாரு.

விடுவேனா நான்! அரசியல் சட்டம், நாடாளுமன்றம், பஞ்சாயத்துச் சட்டம்னு கால் மணி நேரம் வெயில்ல நின்னு விளக்கினேன். மனுசன் பொறுமையாத் தலையாட்டினாரு. கடைசியில வீட்டுக்குள்ள கையைக் காட்டினாரு. ஒரு சுவத்துல ஒரு கட்சி காலண்டர், எதிர்ச் சுவத்துல இன்னொரு கட்சி காலண்டர். ஒண்ணு அவர் தம்பியோடது, மத்தது மூத்த மகனோடது.

"ஏற்கனவே எங்க வீட்டுல ரெண்டு கட்சி இருக்கு தாயி. பொங்கலுக்குக்கூட ஒண்ணா உக்காந்து சாப்பிட மாட்டேங்கானுவ. மூணாவது ஒண்ணை நீங்க வேற கொண்டாந்து விட்டுராதீய."

பதினாறு வேலை

வாயால சொன்னா வேலைக்காகாதுன்னு சொந்தமா ஒரு நோட்டீஸ் அடிச்சேன். 'அரசியல் அறிவியல் படித்தால் பதினாறு வேலைகள்.' கலெக்டர், வக்கீல், நிருபர், வாத்தியார், தூதரக அதிகாரி, தேர்தல் ஆய்வாளர்னு இழுத்துப் பிடிச்சுப் பதினாறு ஆக்கினேன். பிள்ளைங்க பதினாறும் பெறட்டுமேன்னு ஒரு நல்ல எண்ணம்.

ஓட்டப்பிடாரத்துல ஒரு தையல்காரரு. தைக்கிறதை நிறுத்திட்டு, ஒவ்வொரு வரியிலயும் விரலை வச்சு வாசிச்சாரு. "கலெக்டருக்கு எந்த டிகிரி படிச்சாலும் போதும்லா?" ஆமா. "வக்கீலுக்கு இதுக்கு மேல சட்டம் படிக்கணும்லா?" ஆமா. "வாத்தியாருக்கு பி.எட்.?" ஆமா. "தூதரகம்?" அதுக்கும் ஒரு பெரிய பரீட்சை இருக்குன்னேன். என் குரல் எனக்கே கேட்கல. அவர் நோட்டீஸை நாலா மடிச்சுத் திருப்பித் தந்தாரு.

"பதினாறு ஊருக்கு வழி போட்டிருக்கீய டீச்சர். ஒரு ஊருக்காவது இங்கனருந்து நேர் பஸ் உண்டா?"

'ம்'னு சொன்ன பாவம்

பதினோரு பேர் சேர்ந்தாச்சு. தமிழ்ப் பேருதான் காலை வாருதுன்னு, 'பொலிட்டிகல் சயின்ஸ்'னு சொல்லிப் பார்த்தேன். கோவில்பட்டியில, தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போற ஒரு அம்மா முகம் மலர்ந்துட்டாங்க. "சயின்ஸா? அப்ப எம் மக பெரிய ஆஸ்பத்திரியில லேப் வேலைக்குப் போயிரலாம், என்ன?"

அந்த இடத்துல இல்லைன்னு சொல்லியிருக்கணும். பாவி நான் "ம்"னுட்டேன். விண்ணப்பத்துல கையெழுத்தும் வாங்கிட்டேன். பன்னெண்டு! ஆனா மறுநாள் காலையில இட்லித் தட்டைப் பாதியில தள்ளி வச்சேன். 'உண்மையை விசாரி'ன்னு வகுப்புல கத்துறவ, ஒரு ஏழைப் பொம்பளையை ஏமாத்திட்டு உட்கார்ந்திருக்கேன். வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயி, இது லேப் படிப்பு இல்ல, நான் அப்பவே சொல்லாதது தப்புன்னு வாசல்லயே ஒத்துக்கிட்டேன். அந்தம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தாங்க.

"தப்பைச் சொல்ல வீடு தேடி வந்த டீச்சரை இப்பத்தான் பாக்குதேன். நல்லா இருப்பீய. அந்த ஃபாரத்தை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

சாட்சி

அதே வாரம் இன்னொரு வீடு. "எங்க பிள்ளைங்க ஒருத்தர்கூட சும்மா இல்லம்மா, எல்லாரும் நல்ல நல்ல வேலையில இருக்காங்க"ன்னு அளந்துக்கிட்டு இருக்கேன். வாசல்ல பைக் வந்து நின்னுச்சு. முதுகுல மூட்டை மாதிரி ஒரு பை. ஹெல்மெட்டைக் கழட்டினா, அஞ்சு வருசத்துக்கு முன்னாடி எங்கிட்டப் படிச்ச கருப்பசாமி. வகுப்புல முதல் மார்க்கு. "வணக்கம் டீச்சர்!"னு சத்தமாச் சொன்னான்.

வீட்டுக்காரம்மா அவனைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. என் மானம் கப்பல் ஏறிருச்சு. அப்புறம்தான் எனக்கே சுருக்குன்னுச்சு. உழைச்சுச் சாப்பிடுற பிள்ளையைப் பார்த்து எனக்கு எதுக்கு வெட்கம்? அவனுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கும்போல. அவங்க ஆர்டர் போட்டிருந்த பெட்டியை நீட்டிக்கிட்டே அந்தம்மாகிட்டச் சொன்னான்:

"நான் டீச்சர்ட்டதான் படிச்சேன்க்கா. வேலை இல்லேன்னு யாரு சொன்னா? இன்னைக்கு மட்டும் நாப்பது பார்சல்!"

உரிய அலுவலகம்

கடைசி வாரம். பதினாலு பேர். இன்னும் ஒண்ணே ஒண்ணு. குளத்தூர்ல இறங்கி, கழுத்துல கல்லூரி அட்டையும் கையில ஃபைலுமா நடந்தேன். அதுதான் வினை. ஏதோ கவர்மெண்ட் ஆளு வந்திருக்குன்னு பேச்சுப் பரவிருச்சு. பத்து நிமிசத்துல இருபது பொம்பளைங்க, ரேசன் கார்டும் ஆதார் நகலுமாச் சுத்தி நிக்காங்க. "நான் காலேஜ் டீச்சர்மா"ன்னா யார் கேட்கிறா? "அதெல்லாம் இருக்கட்டும், இதை வாங்கிக்கோங்க"ங்காங்க.

சரி, வந்தது வந்தாச்சுன்னு வேப்பமரத்தடியில உட்கார்ந்துட்டேன். இது தாலுகா ஆபீஸ், இது யூனியன் ஆபீஸ், இதுக்கு முதல்ல வி.ஏ.ஓ. கையெழுத்து வேணும்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுச் சொன்னேன். ரெண்டு மணி நேரம் போயிருச்சு. விண்ணப்பத்தை வெளிய எடுக்கக்கூட மறந்துட்டேன்.

கூட்டம் கலைஞ்ச பிறகும் ஒரு பிள்ளை நின்னா. பேரு ரோஸ்லின். ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, அப்பா அம்மாவுக்கு உப்பளத்துல வேலை. அவ தெருவுக்குக் குடிதண்ணிக் குழாய் வரலைன்னு அவளே நாலு மனு எழுதியிருக்கா. நாலுக்கும் பதில் வந்திருக்கு. நாலுலயும் ஒரே வரி: 'உரிய அலுவலகத்தை அணுகவும்.' எது அந்த அலுவலகம்னு ஒருத்தரும் எழுதல. "அந்த உரிய அலுவலகம் எங்கன இருக்கு டீச்சர்?"னு கேட்டா.

முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கோவம் வந்துச்சு. மெயின் குழாய் யாரு பொறுப்பு, தெருக் குழாய் யாரு பொறுப்பு, கிராம சபையில எப்படித் தீர்மானம் கேட்கிறது, தகவல் கேட்டு எப்படி எழுதுறது, எல்லாத்தையும் சொன்னேன். ஒரு வரி விடாம எழுதிக்கிட்டா. "இதெல்லாம் எங்க படிச்சீய?"ன்னு கேட்டப்பதான், நான் வந்த வேலையே ஞாபகம் வந்துச்சு. விண்ணப்பத்தை நீட்டினேன்.

அவ வாங்கல. "இதைப் படிச்ச ஒங்களுக்கு வேலை நிரந்தரமா டீச்சர்?"

பொய் சொல்ல நாக்கு எழும்பல. "இல்லட்டி. எட்டு வருசமாத் தற்காலிகம்தான். நீ சேர்ந்தா பதினஞ்சு. சேரலேன்னா ஜூன்ல எனக்கே வேலை கிடையாது. அதுக்காக நீ சேராதே, வீட்டுல கேட்டு யோசிச்சுச் சொல்லு"ன்னேன். அவ என் கையிலிருந்த பேனாவை வாங்கி, விண்ணப்பத்துல முதல் கட்டத்துல தன் பேரை எழுதிக்கிட்டே, நிமிராம சொன்னா:

"அப்ப நீங்களும் உரிய அலுவலகத்தைத்தான் தேடி அலையுதீய. வாங்க டீச்சர், சேந்தே தேடுவோம்."

ஆக, துறையை மூடல மக்களே: 'இதைப் படிச்சா என்ன வேலை?'ங்கிற, எனக்கே பதில் தெரியாத கேள்வியோட வந்து உட்கார்ந்திருக்கிற பதினஞ்சு பிள்ளைகளுக்கு இன்னும் மூணு வருசம் நான்தான் டீச்சர்.