ஷூவைக் கழற்றிய பைலட்

எங்கப்பாவுக்கு ஒரே ஒரு பிடிவாதம். மகள் காலில் சேறு படக்கூடாது. தலத்தெருவுக்கு அப்பால் இருக்கிற எங்கள் வயலில் நடவு நடந்தால் நான் வரப்போடு நிற்க வேண்டும். அவர் கால்விரல் இடுக்கெல்லாம் வருஷா வருஷம் சேத்துப்புண். மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் விமானி லைசென்ஸ் வாங்கியதும் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கித் தந்து, “இனிமே உன் காலு தரையிலயே படாதுல்ல” என்றார்.

லைசென்ஸ் கிடைத்தது, வேலைதான் கிடைக்கவில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரிக் கப்பல் வருவதைப் பார்த்துக்கொண்டு வெட்டியாக இருந்தேன். ஒரு தீவு நாட்டில், தண்ணீரில் இறங்கும் விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்டால் வேலை உண்டு என்றார்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே பயிற்சியாளர் சொன்ன முதல் பாடம், அந்த ஷூவைக் கழற்று என்பது. எல்லோரும் வெறுங்காலோடுதான் ஓட்டுகிறார்கள். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நீள மிதவைகள். அவற்றுக்குள் கசிந்த தண்ணீரைத் தினமும் காலையில் கைப்பம்பால் இறைத்துவிட்டுத்தான் விமானத்துக்குள் ஏற வேண்டும். தண்ணீர் இறைக்கிற பிழைப்பு வேண்டாம் என்றுதானே என்னைப் படிக்க வைத்தார்கள்!

பறப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இறங்கின பிறகுதான் வம்பு. தண்ணீரில் பிரேக் கிடையாது. அது தெரிந்தும், படகுத்துறையை நெருங்கும்போது இல்லாத பிரேக்கை என் பாதம் மிதித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் எஞ்சினை அணைத்தாயிற்று, விமானம் அதுபாட்டுக்குப் போகிறது. பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மிதவை இடித்துக் கிழிந்தால் என் படிப்பு அத்தோடு சரி. கதவைத் திறந்து முழங்கால் தண்ணீரில் குதித்தேன், தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். அந்த மனிதர் என்னை முதன்முதலாகப் பாராட்டியது அன்றைக்குத்தான். இத்தனை பரீட்சை எழுதி, கடைசியில் தண்ணீரில் நின்றதற்குப் பாராட்டு.

அப்பா போனில், “ஷூ கடிக்குதாம்மா?” என்று கேட்பார். “கடிக்கலப்பா” என்பேன். பெட்டிக்குள் இருக்கிற ஷூ எப்படிக் கடிக்கும்? உண்மையைச் சொன்னால் மனுஷர் நொறுங்கிப்போவார் என்று பயம்.

தேறிவிட்டேன், வேலையும் கிடைத்தது. சேருவதற்கு முன் ஊருக்கு வந்தபோது ஷூவோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். நொண்டுவதை அப்பா பார்த்துவிட்டார். “கழட்டு” என்றார். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. ஒரு பொட்டுச் சேறு படாமலே சேத்துப்புண். வெறுங்கால், பம்பு, குதித்தது எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் கொல்லையில் மருதாணி பறித்து அரைத்துவந்து, என் எதிரே குந்தி, ஒவ்வொரு இடுக்கிலும் வைத்தார்.

மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை என் காலைப் பார்த்தார். “என்னம்மா, மருதாணியெல்லாம் வச்சிருக்கே, ஏதும் விசேஷமா?”

தன் மகள் ஆகாசத்திலேயே இருப்பாள் என்று அந்த அத்தையிடம்தான் அப்பா அதிகமாக அளந்திருந்தார். நான் ஏதாவது பொய் தேடுவதற்குள் அப்பாவே சொன்னார்.

“விசேஷமெல்லாம் இல்லிங்க. தண்ணில நிக்கிற வேலை. நமக்கு வர்றதுதான் அதுக்கும் வந்திருக்கு.”

கிளம்புகிற அன்று பெட்டியைத் திறந்தேன். ஷூவைக் காணோம். அந்த இடத்தில் ஒரு டப்பா நிறைய மருதாணிப் பொடி இருந்தது.