அவர் சேர்த்த அட்டைகள்

எனக்கு வாய் ஜாஸ்தி. வீட்டிலும் கடையிலும் எல்லாரும் சொல்வதுதான், நானும் மறுத்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு வாயே கிடையாது. கல்யாணமான புதிதில் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். அதுதான் பதில். "ஒரு வார்த்த சொன்னா வாயிலேர்ந்து முத்து கொட்டிடுமா?" என்று கத்துவேன். சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதர் பாஷை தெரியாத தேசத்துக்கு டிரைவர் வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினேன். அதை வைத்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. கடை பிரவுசிங் சென்டர் ஆனது, பிறகு ஜெராக்ஸும் ஆன்லைன் அப்ளிகேஷனும் ஆனது. நான் மட்டும் அதே நாற்காலியில் இருந்தேன். விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை, தினம் போக வர பஸ். அவர் கண்டமங்கலத்துக்காரர், வேன் ஓட்டினார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மூட்டை, செங்கல், கல்யாண வீட்டுச் சேர், எது கிடைத்தாலும் ஏற்றுவார். மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்கணும் என்றதும் அவர் வளைகுடாவில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போக முடிவு செய்துவிட்டார். கம்பெனி என்றால் நம் ஆட்கள் பத்துப் பேர் கூட இருப்பார்கள். வீட்டு டிரைவர் என்றால் ஒற்றை ஆள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை. வீட்டில் பேசுவது அரபி மட்டும்.

அந்தச் சமயத்தில் கடைக்கு வந்த ஒரு காலேஜ் பெண் ஜப்பான் பாஷை படிக்க போனில் ஒரு ஆப் வைத்திருந்தாள். நமக்குத் தெரிந்த பாஷையில் அட்டையின் முன்பக்கம், தெரியாத பாஷையில் பின்பக்கம். முன்பக்கத்தைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டு திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பியதும் கீழே பொத்தான்கள் வரும். மறந்துவிட்டது என்று அழுத்தினால் அந்த அட்டை சற்று நேரத்தில் திரும்ப வரும். சுலபம் என்று அழுத்தினால் சில நாள் கழித்து வரும், அப்புறமும் சுலபம் என்றால் சில வாரம், பிறகு மாசக்கணக்கு. தெரிந்ததைத் தள்ளி வைக்கும், தெரியாததை விடாமல் பிடித்துக்கொள்ளும். அட, வாத்தியார் தோற்றார் போ என்று நினைத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து டைப் அடிக்க ஆரம்பித்தேன். அரபி எழுத்து அவருக்கு எங்கே தெரியப்போகிறது? உச்சரிப்பைத் தமிழ் எழுத்திலேயே போட்டேன். வலது பக்கம், இடது பக்கம், நிறுத்து, பெட்ரோல், பள்ளிக்கூடம், மார்க்கெட், எவ்வளவு நேரம். ஒரு டிரைவருக்கு வேறென்ன வேண்டும்?

அவரிடம் மெயில் ஐடி கிடையாது. என்னுடையதையே போட்டு அவர் போனிலும் என் போனிலும் அந்த ஆப்பை ஏற்றினேன். அவர் எங்கே தப்பு விடுகிறார் என்று பார்க்கத்தான். அதை அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை.

புறப்படும் முன் ஒரு மாசம் எங்கள் வீட்டில் கூத்துத்தான். உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டே சுற்றி வருவார். மகள் "அப்பா, யமீன்!" என்று கத்தினால் சைக்கிளில் போகிற மனிதர் வலப்பக்கம் கையை நீட்டுவார். மூன்று பேரும் சிரித்துப் புரண்டோம். மெட்ராசுக்கு வண்டி ஏறும்போது சொன்னேன்: "இன்னா சொல்லணுமோ அத தமிழ்ல முன்பக்கம் போடுங்க. அங்க யாரையாவது கேட்டு பின்பக்கம் எழுதிக்கினு தெனமும் பாருங்க. வேணும்ற நேரத்துல தானா வாயில வந்துடும்." தலையாட்டினார். நான் சொன்னதை அப்படியே செய்தார், பாவி மனுஷன்.

இரண்டு மாசம் இருக்கும். காலை பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது போனை எடுத்தேன். ஆப்பில் புதிதாக ஒரு அட்டைக் கட்டு வந்திருந்தது. நான் போடாத கட்டு. முதல் அட்டையில் "உங்க பையன் பின் சீட்லேர்ந்து என்னிய ஒதைக்கிறான்" என்று இருந்தது. பஸ் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். அடுத்தது, "மெதுவா பேசுங்க, புரியல." அதற்கடுத்தது, "வெள்ளிக்கிழம மாதா கோயில் பூசைக்குப் போணும்." பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு மலையாளியிடம் கேட்டுப் பின்பக்கம் எழுதியிருந்தார். அந்த ஆளைப் பற்றிப் போனில் சொல்லியிருந்தார்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசாத பேச்செல்லாம் அந்தக் கட்டில் வர ஆரம்பித்தது. போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கறேன்" என்ற ஒரே பாட்டு. அட்டையைத் திருப்பினால் "ரூம்ல ஏசி ஓடல," "நேத்து தூங்கவே இல்ல," "இன்னிக்கு எம் பொண்ணுக்குப் பொறந்தநாள்." அன்று மகளுக்குப் பிறந்தநாள்தான். அதை யாரிடம் சொல்ல நினைத்தாரோ, சொன்னாரோ இல்லையோ. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

உங்கள் அட்டையெல்லாம் எனக்கும் வருகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவரை எனக்குத் தெரியாதா? நான் பார்க்கிறேன் என்று தெரிந்த நிமிஷமே எழுதுவதை நிறுத்திவிடுவார். அப்புறம் எனக்கு அந்த "நல்லாத்தான் இருக்கறேன்" மட்டும்தான் மிஞ்சும். வாய் ஜாஸ்தியான நான் அந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன். என் சுயநலம் அது. வேறு பேர் சொல்ல மாட்டேன்.

நான் போட்ட கட்டை நான் திறப்பதே இல்லை, அதில் என்ன இருக்கிறது? அவர் கட்டை மட்டும் தினமும் காலை பஸ்ஸில் திறப்பேன். ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த அட்டை வரும். இரண்டு தடவை பார்த்தாலே எனக்கு மனப்பாடம். சுலபம், சுலபம் என்று தட்டிக்கொண்டே போவேன். அந்த ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அவர் ராத்திரி எழுதி வைத்ததை மறுநாள் அவர் ஆப்பைத் திறக்கும் முன்பே நான் படித்து முடித்திருப்பேன். அவரை முந்திக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் வேறு.

அடுத்த வருஷம் ஆடி மாசம் அந்த அட்டை வந்தது. "நெஞ்சு வலிக்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க."

மாதாவே! திண்டிவனத்தில் இறங்கியதும் கடைக்குக்கூடப் போகாமல் ஸ்டாண்டில் நின்றபடியே போன் போட்டேன்.

"ஒடம்பு எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்கறேன்."

"ஒரு தடவ செக்கப் பண்ணிக்கங்க. வயசாவுது இல்ல?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?" என்று சிரித்தார். "கொஞ்சம் கேஸ் டிரபுள் மாதிரி இருந்துது. வீட்டு மேடம் மாத்திர குடுத்தாங்க. சரியாப்பூடுச்சி."

உங்கள் அட்டையைப் பார்த்தேன் என்ற பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொல்லத்தான் எழுதி வைத்திருக்கிறாரே, படித்துக்கொள்வார், வலி வந்தால் சொல்லிவிடுவார் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அந்த அட்டையை மட்டும் நாளில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆப் தள்ளி வைத்த பிறகும் தேடி எடுத்து, செபமாலை உருட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். சத்ரி யவ்வர்னி, வத்தினி முஸ்தஷ்பா. சுலபம். சுலபம். சுலபம்.

ஒரு நாள் அவரே கூப்பிட்டார். கடையில் கூட்டம். ஜாதிச் சான்றிதழுக்கு அப்ளை பண்ண வந்தவர்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"தே, நீ போட்டுக்குடுத்த ஆப்பு பேஜாரா இருக்குதும்மா. கஷ்டப்பட்டு எழுதிப் போடறேன், மறுநாளு பாத்தா காணம்."

"ஒழுங்காப் படிச்சா வரும். போட்டுட்டு குறட்டை உட்டா எப்படி வரும்?"

"படிக்கிறேன்மா. நீ போட்டதெல்லாம் வருது. நான் போட்டதுதான் வர மாட்டேங்குது."

"கடையில கூட்டமா இருக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அவர் எழுதியது என் போனுக்கு வருகிறதென்றால், நான் அழுத்தியதும் அவர் போனுக்குப் போகும். இரண்டு போனும் ஒரே கணக்கு, ஒரே ஆள் படிப்பதாகத்தான் அந்த ஆப் நினைக்கும். நான் சுலபம் என்று தள்ளி வைத்தால் அது அவருக்கும் தள்ளிப்போகும். இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் நான் யோசிக்கவில்லை. அப்புறம் பேசவும் இல்லை. அடுத்த தடவை அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்த மலையாளிதான் கூப்பிட்டார். தமிழும் மலையாளமுமாகப் பேசினார். காலையில் என் வீட்டுக்காரர் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே உட்கார்ந்திருக்கிறார். மேடம் ஓடி வந்து என்ன என்ன என்று அரபியில் கேட்டிருக்கிறார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்போலக் கேஸ்தான் என்று அந்த அம்மாள் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துவர உள்ளே போயிருக்கிறார். சத்தம் கேட்டு மலையாளி கடையிலிருந்து வந்து பார்த்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஆ அம்மா வளரெ கரையுந்நு சேச்சி, அழறாங்க" என்றார். அந்த மேடத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. புரிந்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

பெட்டி வந்து சேர மூன்று வாரம் ஆனது. கண்டமங்கலத்தில் பூசை வைத்து அடக்கம் செய்தோம். மகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஊர் என்ன பேசியதோ தெரியாது.

மகள் இப்போது நர்ஸ். "அது பெரிய அட்டாக்கும்மா, பத்து நிமிஷம் முன்னாடி போயிருந்தாலும் சொல்ல முடியாது" என்பாள். சில நாள், "நல்லவேள, நீ அந்த ஆப்பப் போட்டுக்குடுத்த. அப்பாவுக்குப் பேச்சுத் துணையா இருந்திருக்கும்" என்பாள். பிள்ளை என்னைத் தேற்றுகிறது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அவர் பையோடு போனும் வந்திருந்தது. நாற்பதாம் நாள் கழிந்துதான் அதைச் சார்ஜ் போட்டேன். ஒவ்வொரு அட்டையையும் எந்த நாள், எந்த நேரம் பார்த்தது, எந்தப் பொத்தானை அழுத்தியது என்று அந்த ஆப் உள்ளே எழுதி வைத்திருக்கும். நெஞ்சு வலி அட்டையைத் திறந்து பார்த்தேன். அவர் அதைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, எழுதிய அன்றைக்கு ராத்திரி. மறந்துவிட்டது என்று அழுத்தியிருந்தார். அதன் பிறகு வரிசையாக எல்லாம் சுலபம். எல்லாம் நான் பஸ்ஸிலும் கடையிலும் அழுத்தியவை. அடுத்து எப்போது காட்டும் என்று பார்த்தால் ஏழு மாசம் கழித்து ஒரு தேதி போட்டிருந்தது.

அவர் இறந்த அன்றைக்குக் காலை என்ன பார்த்தார் என்றும் அதில் இருந்தது. மலையாளிக்கு அது தெரியாது. கேட்டருகே உட்கார்ந்த மனிதர் ஆப்பைத் திறந்து தேடியிருக்கிறார். அட்டையைத் தேடி எடுக்க ஒரு இடம் இருக்கிறது, அதை நான் அவருக்குக் காட்டிக்கொடுக்கவே இல்லை. அதனால் ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்கிறார். வலது பக்கம். இடது பக்கம். நிறுத்து. பெட்ரோல். பள்ளிக்கூடம். இரண்டு நிமிஷத்தில் முப்பத்தொரு அட்டை, எல்லாம் நான் டைப் அடித்துக்கொடுத்தவை. முப்பத்திரண்டாவதைத் திருப்பவில்லை. இங்கே அப்போது மணி ஒன்பது. பஸ் விக்கிரவாண்டி தாண்டியிருந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவர் தேடிய அந்த வாக்கியத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.