சட்டைப்பையில் இருந்த பெயர்

மருத்துவமனைக் கோட்டுகளின் பையில் பெயர் தைப்பதுதான் தையல்காரிக்கு இருபது வருட வேலை. ஊரார் பெயரையெல்லாம் ஊசிமுனையில் வைத்திருந்தவளுக்குத் தன் பெயர் எங்கிருந்து வந்ததென்று மட்டும் தெரியாது. சௌதாமினி. மின்னல் என்று அகராதி சொல்லும். சொல்லட்டும். வேறு யார் வாயிலும் நுழையாத அந்தப் பெயர் அவள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று அகராதியா சொல்லப்போகிறது?

“பிரசவம் பார்த்த நர்ஸம்மா பேரு” என்று மட்டும் அம்மா ஒருமுறை சொன்னாள். மேற்கொண்டு கேட்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள். “உன் பேரையே வைக்கிறேம்மா. ஆனா அது யாரு என்னன்னு தெரியணும். இல்லன்னா வேற பேருதான்” என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் தாயையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். தையல்காரிக்கோ அந்தப் பெயர் தன்னோடு நின்றுவிடக் கூடாது.

தெரிந்தவர்களைப் பிடித்து மருத்துவமனையின் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். பிரசவம் பார்த்தவர் கோமளவல்லி என்று இருந்தது. அம்மா கதை விட்டாளா? முகவரி விசாரித்துக்கொண்டு நேரே போய்க் கதவைத் தட்டினாள்.

ஓய்வுபெற்ற நர்ஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“அன்னிக்கு என் கோட்டு சலவைக்குப் போயிருந்துச்சும்மா. ஆணியில தொங்கினதை மாட்டிக்கிட்டு ஓடினேன். அதுல சௌதாமினின்னு தைச்சிருந்துச்சு.”

தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். கோட்டை மாற்றிப் போடாத நர்ஸை அவள் இதுவரை கண்டதே இல்லை. இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போயிற்று!

“அப்ப அந்த சௌதாமினி?”

“அவளா? ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுவா. மூணே மாசத்துல வேலையை விட்டு ஓடிட்டா.”

“அம்மாகிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே?”

“ஒரு நாள் முழுக்க வலி. பிழைப்பாங்களான்னே பயந்துட்டேன். கண்ணைத் திறந்ததும் பையில இருந்ததைப் படிச்சுட்டு, ‘உங்க பேரையே வைக்கிறேன்’னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரலை.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்புறம் முப்பது வருஷம் பிரசவம் பார்த்தேன். யாரும் என் பேரைக் கேட்கலை.”

தையல்காரி அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

“என் பேரு வேண்டாம்டி. குழந்தைக்குக் கோமளவல்லின்னு வை.”

“ஐயோ, ரொம்பப் பழசும்மா!”

“பழசுதான். உன் பாட்டி எனக்கு வைக்க நினைச்சது. வந்து சேர அம்பது வருஷம் ஆயிடுச்சு.”